எட்டு ஏக்கரில் ஒரு கோணல் ஓடை

சங்கரன்கோவில்,
4-6-1952

சிரஞ்சீவி தில்லைநாயகத்துக்கு,

ஆசீர்வாதம். எட்டு வருஷம் கழித்து எழுதும் கடிதத்தில் நலம் விசாரிக்கக் கை கூசுகிறது. ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நல்லதண்ணி ஊருணி கெட்டுவிட்டது. வற்றிவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. பாதிப் படி வரை தண்ணீர் நிற்கிறது, பச்சைச் சாயம் கரைத்த மாதிரி. சித்திரையில் பெய்த கோடை மழைக்கு மறுநாள் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. நான்காக மடித்த துணியில் வடிகட்டினேன். தேற்றாங்கொட்டை உரைத்துப் பார்த்தேன். கலங்கல் தெளிந்தது, நாற்றம் போகவில்லை.

முப்பது வருஷமாக நம் வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கும் அன்னக்கிளியை உனக்கு நினைவிருக்கும். போன வாரம் வெறுங்குடத்தோடு வந்து நின்றாள். "ஆச்சி, எம் பேத்தி மூணு நாளா வாந்தி எடுக்கா. இந்தத் தண்ணிய இனி எவ வீட்டுக்கும் நான் எடுக்கமாட்டேன். ரெண்டு மைல் போயி வேற கெணத்துல மோந்து தாரேன். உங்களுக்குப் பிடிச்சா எடுப்பேன், பிடிக்கலன்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றாள். குழந்தை இப்போது தேறிவிட்டது. ஆனால் என் முகத்துக்கு நேரே அவள் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

காரணம் எனக்குத் தெரியும். ஊருணிக்கு மேற்கே எட்டு ஏக்கர், நீர்பிடிப்புப் புறம்போக்கு. உணவுப் பெருக்கத் திட்டத்தில் 1944-ல் என் பேருக்குக் குத்தகையாயிற்று. நீ ஜில்லா கச்சேரியில் இருந்து கையெழுத்துப் போட்டாய். அதுவரை அங்கே ஏர் வைத்ததில்லை. நான் சோளமும் உளுந்தும் வைக்கிறேன். விவசாய இலாகா பாதி விலைக்குக் கொடுக்கிற அமோனியம் சல்பேட்டைப் போடுகிறேன், பூச்சிக்கு வெள்ளைப் பொடி தூவுகிறேன். மழை பெய்தால் அத்தனையும் சரிந்து ஊருணிக்குத்தான் போகிறது.

நிறுத்திவிடலாம் என்று தாலுகா ஆபீசுக்குப் போனேன். இரண்டு போகம் தரிசாகப் போட்டால் குத்தகை ரத்தாகி, மனுப் போட்டிருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். மூன்று மனுக்கள் காத்திருக்கின்றன. நான் உழுதால் நான் கெடுக்கிறேன். உழாவிட்டால் இன்னொருவன் கெடுப்பான். சர்க்கார் உத்தரவு எழுதுகிற இடத்தில் நீ இருக்கிறாய். ஐப்பசி மழைக்கு முன் இதற்கு என்ன வழி என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பிரம்மநாயகி அம்மாள்

*

சென்னை,
13-6-1952

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். தங்கள் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு ஆனந்தவல்லி அதைப் பிரிக்காமல், நான் ஆபீசிலிருந்து வரும்வரை சுவாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். இங்கே எல்லோரும் சுகம். மகள் பகவதி மன்னார்குடியில் புக்ககத்தில் இருக்கிறாள். அவள் கல்யாணத்தில் உங்களுக்கென்று எடுத்து வைத்த புடவை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

தாலுகா ஆபீசில் சொன்னது சரியே. திட்டத்தின் விதி அப்படி. உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு குழி நிலமும் சும்மா கிடக்கக் கூடாது என்று போட்ட விதி. எந்த நிலத்தைச் சும்மா விட வேண்டும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. அந்த நிலத்தின் கீழ்க்கோடியில் ஒரு கழிவு ஓடை இருந்தது. வருஷத்தின் முதல் மழைத் தண்ணீர் ஊருணிக்குள் விழாமல், தரையைக் கழுவிய அழுக்கோடு தெற்கே, வயலுக்குப் பாயும் பெரியகுளத்துக்குப் போகிற ஓடை. ஊருணிக் காவல் சிவனாண்டி மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பான். இரண்டாம் மழைக்குத்தான் ஓடையை அடைத்துத் தண்ணீரை ஊருணிக்குத் திருப்புவான். அந்த ஓடை இப்போது இருக்கிறதா?

தங்கள் தம்பி,
தில்லைநாயகம்

*

சங்கரன்கோவில்,
22-6-1952

சிரஞ்சீவி தில்லைநாயகத்துக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆனந்தவல்லிக்கு என் ஆசீர்வாதம். பகவதி கல்யாணத்துக்கு நான் வராதது என் பிடிவாதம், ஆனந்தவல்லிமேல் குறையில்லை என்று சொல்.

விவசாய இலாகாவிலிருந்து ராஜதுரை என்று ஒருவர் வருகிறார். சைக்கிளில் வருவார். நல்ல மாதிரி, ஆனால் அவர் புஸ்தகத்தைத் தாண்டி யோசிக்கமாட்டார். எட்டு ஏக்கரிலும் கொழுக்கட்டைப் புல்லை விதைத்து விட்டுவிடுகிறேன், மாட்டுக்கு அறுத்துப் போட்டுக்கொள்ளட்டும், அதையே பயிராக எழுதிக்கொள்ளும் என்றேன்.

"புல்லு பயிர் இல்லம்மா" என்றார். "என் நோட்டுல சோளம் இருக்கு, கம்பு இருக்கு, உளுந்து இருக்கு. புல்லுக்குக் கட்டமே இல்ல."

"கட்டம் போடத் தெரியாதா? ரூல் தடி தரட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க கட்டம் போட்டுத் தந்துருவிய. மேல உள்ளவுக என்னையல்லா கட்டம் கட்டிருவாக" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிவிட்டார்.

அன்னக்கிளி தூரத்திலிருந்து கொண்டு வரும் தண்ணீர் மோசமில்லை. ஆனால் வாயில் ஊற்றினால் வேறு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. பாளையங்கோட்டைக் கான்வென்டில் இருந்த ஐந்து வருஷமும் எனக்கு அப்படித்தான் இருந்தது. அப்பா என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு பித்தளைக் கூஜாவில் ஊருணித் தண்ணீர் கொண்டு வருவார். இரண்டு நாள் மாட்டு வண்டிப் பயணம். ஒரு தடவை ஆறு வயசில் நீயும் வந்தாய். தண்ணீர் தளும்பக் கூடாது என்று கூஜாவைக் கட்டிப்பிடித்தபடியே தூங்கி, சட்டையெல்லாம் நனைந்து, மதர் அகதா முன்னால் வெடவெடவென்று நின்றாய். அவர்கள் உன்னைத் துவட்டிவிட்டு, "இந்தப் பிள்ளை என்ன புண்ணிய தீர்த்தமா கொண்டு வந்திருக்கிறான்?" என்று கேட்டார்கள். நான் அவர்களுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டு இரண்டாவது டம்ளருக்குக் கையை நீட்டினார்கள்.

விடுமுறைக்கு வந்ததும் நான் வீட்டுக்குப் போகமாட்டேன். வண்டியை ஊருணிக் கரையில் நிறுத்தச் சொல்வேன். வெளிக்கல்லில் காலைக் கழுவிக்கொண்டு படியில் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, கை நனையாமல் குவளையால் மோந்து குடிப்பேன். தண்ணீரில் கால் படக் கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். ஊரில் யாருமே கால் வைத்ததில்லை. அடியில் கிடக்கும் கல்லைக்கூட எண்ணலாம். அப்படி இருந்தது.

ஓடையைப் பற்றி என்னைக் கேட்காதே. நிலத்துக்கு வழி சொல்.

இப்படிக்கு,
பிரம்மநாயகி அம்மாள்

*

சென்னை,
5-7-1952

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். கூஜா எனக்கு நினைவிருக்கிறது. நனைந்த சட்டைக்காக அப்பா வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்ததும் நினைவிருக்கிறது.

நான்கு நாட்களாக இதே யோசனைதான். நிலத்தைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை. கொடுப்பதற்குத்தான் பாரங்கள் அச்சடித்திருக்கிறார்கள். ஆகவே விதியையே திருத்த வேண்டும். நான் எழுத நினைக்கும் குறிப்பு இது: குடிதண்ணீர் ஊருணிகளின் நீர்பிடிப்பு நிலத்தைப் புதிதாக யாருக்கும் குத்தகைக்கு விடக் கூடாது. ஏற்கெனவே விட்ட இடங்களில் ஏரும் உரமும் பூச்சி மருந்தும் இல்லாமல் புல் வளர்த்தால், அதைப் பயிராக ஏற்றுக்கொண்டு தீர்வையைத் தள்ளிவிட வேண்டும். உழச் சொல்லி உதவி செய்கிற சர்க்கார், உழாமல் இருப்பதற்கும் உதவி செய்யலாம் அல்லவா? மேலே உள்ளவர் கெட்டிக்காரர். ஆதாரம் இருந்தால் கேட்பார்.

இரண்டு ஆதாரங்கள் வேண்டும். ஒன்று, ஊருணித் தண்ணீர். சுத்தமான இரண்டு பாட்டில்களில் எடுத்து, அரக்கு வைத்து, ரயிலில் ஆள்மூலம் அனுப்புங்கள். இங்கே சோதிக்கச் சொல்கிறேன்.

இன்னொன்றைக் கேட்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எப்படிக் கெட்டது என்று சம்பந்தப்பட்டவர் கையெழுத்திட்டு எழுதிய வாக்குமூலம். ஓடை இருந்ததா, யார் மூடியது, எப்போது, ஏன். அது ஆபீஸ் தாள்களோடு சேர்ந்துவிடும். தாலுகாவில் படிப்பார்கள், ஊருக்கும் தெரியும். 1944-ல் உங்கள் குத்தகைக்கான விசாரணை அறிக்கையில், "நிலத்தில் ஓடை எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான். நேரில் வந்து பார்க்காமல், நீங்கள் சொன்னதை நம்பி எழுதினேன். பிறகு சிவனாண்டி திருநெல்வேலிக்கு வந்து என்னிடம் அழுதான். ஓடையை மறுபடி வெட்டிவிடுங்கள் என்று உங்களுக்கு எழுதினேன். "உன் கச்சேரியை நீ பார், என் நிலத்தை நான் பார்க்கிறேன்" என்று ஒரு வரி பதில் வந்தது. அதுதான் உங்கள் கடைசிக் கடிதம்.

இதை மறுபடி கேட்கமாட்டேன். உங்கள் இஷ்டம்.

தில்லைநாயகம்

*

சங்கரன்கோவில்,
1-8-1952

தில்லைநாயகம்,

தண்ணீர் பாட்டில்களைக் கடையநல்லூர்க்காரர் ஒருவர் ரயிலில் கொண்டு வருகிறார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா முகம்மது இஸ்மாயிலின் மச்சினர், நம்பிக்கையானவர். ஒன்றில் கிழக்குப் படித்துறைத் தண்ணீர், மற்றொன்றில் மேற்கு மூலைத் தண்ணீர். சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்து மூன்றரை வாரம் ஆகிறது. தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

நாற்பத்திரண்டில் உன் அத்தான் தவறியபோது அவருடைய அண்ணன் தம்பிகள் பதினாறாம் நாளே நிலத்தைப் பங்கு பேச வந்தார்கள். "பொம்பள வெவசாயம் பாத்து எங்கன வெளங்கியிருக்கு? பிரிச்சுத் தந்துட்டுக் கோயிலு கொளம்னு இருங்க மதினி" என்றார்கள். நான் ஆண்பிள்ளைகளைவிட நன்றாக விளைவித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். சர்க்கார் தரிசு நிலம் தருகிறது என்று தெரிந்ததும் உன்னைப் பிடித்தேன். எட்டு ஏக்கரும் கிடைத்தது. ஆனால் கீழ்ப்பக்கம் அந்த ஓடை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடியது. நிலத்தைச் சதுரமாக எடுக்க முடியவில்லை. ஏர் திரும்ப இடமில்லை. கான்வென்டில் கோடு கோணினால் மதர் அகதா தாளையே கிழித்துப் போடுவார்கள். தாளில் கற்றுக்கொண்டதை நான் நிலத்தில் செய்தேன்.

நீ ஓடை உண்டா என்று கேட்டாய். "வண்டித்தடம்தான் இருக்கிறது" என்று எழுதினேன். அது தெரியாமல் எழுதியதில்லை. ஏழு வயதிலிருந்து முதல் மழையில் அந்த ஓடை செம்மண் நிறத்தில் ஓடுவதைக் கரையில் நின்று பார்த்தவள் நான். அது எதற்காக என்று அம்மா சொல்லித் தந்திருக்கிறாள். தெரிந்தேதான் பொய் எழுதினேன். நாலு ஆள் வைத்து இரண்டு நாளில் மூடினேன். மூடிய இடத்தில் விளைந்த சோளக் கதிர்தான் மறு வருஷம் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. கலெக்டர் கையெழுத்திட்ட சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதல் மழை ஊருணிக்குள்தான் விழுந்தது. ஆரம்பத்தில் வெறும் மண். உரம் வந்த பிறகு உரமும், மருந்து வந்த பிறகு மருந்தும். ஒரே நாளில் கெட்டிருந்தால் அன்றைக்கே ஓடையைத் திறந்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டதால், இந்த வருஷம் வெயில் அதிகம், பாசி அதிகம் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேலே எழுதியதே என் வாக்குமூலம். அத்தான் வீட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைத் தனித்தாளில் பிரதி எடுத்து, கையெழுத்திட்டு, தேதி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே படித்தாலும் படிக்கட்டும்.

பிரம்மநாயகி

*

சென்னை,
26-9-1952

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். சோதனை முடிவு ஆகஸ்டிலேயே வந்தது. இரண்டு பாட்டிலிலும் உரத்தின் உப்பு மிகுதி, மேற்கு மூலைத் தண்ணீரில் இரண்டு பங்கு. கைக்குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிதான் தாள்களை நகர்த்தியது.

உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. நம் ஜில்லாவுக்கு மட்டும், மூன்று வருஷத்துக்கு, பரீட்சையாக. நீர்பிடிப்பில் புதுக் குத்தகை கிடையாது. புல் பயிராகக் கணக்காகும், தீர்வை தள்ளுபடி. கழிவு ஓடைகளை அளந்து கல் நட்டு ஊர்ப் பொதுச்சொத்தாக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். நகல் ஒரு வாரத்தில் தாலுகாவுக்கு வரும். அதற்காகக் காத்திருக்காமல் நீங்கள் ஓடையை வெட்டத் தொடங்கலாம்.

உங்கள் வாக்குமூலம் பத்திரமாக இருக்கிறது. அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம்.

எனக்கு ஜனவரியோடு உத்தியோகம் முடிகிறது. இரண்டு வருஷம் நீட்டித்துக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இல்லையென்று ஆகிவிட்டது. அதனால் ஒன்றுமில்லை. ஆனந்தவல்லிக்கும் சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்வதில்லை.

தங்கள் அன்புத் தம்பி,
தில்லைநாயகம்

*

சங்கரன்கோவில்,
24-10-1952

என் அருமைத் தம்பிக்கு,

உத்தரவு நகல் வந்தது. முகம்மது இஸ்மாயில் தாலுகா ஆபீசில் எனக்கு நாற்காலி போட்டு, முழுதும் வாசித்துக் காட்டினார். முகப்புப் பத்தியில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வாசியுங்கள்" என்றேன். வாசித்தார். "1944-ல் விசாரித்த அலுவலர் நேரில் சென்று பாராமல், ஓடை இல்லையென்று தவறாக அறிக்கை செய்ததே இந்தக் கேட்டுக்கு முதற் காரணம் என அவ்வலுவலரே ஒப்புக்கொண்டிருக்கிறார்."

என் வாக்குமூலத்தைத் தேடச் சொன்னேன். "அப்படி ஒரு தாளே இதுல இல்லம்மா" என்றார்.

நீ அதைத் தாள்களோடு சேர்க்கவேயில்லை. பத்திரமாக இருக்கிறது என்று எழுதினாயே, உன் பெட்டியில் இருக்கிறதா? நீட்டிப்பு ஏன் கிடைக்கவில்லை என்பதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. என்னைக் கேட்காமல் என் தப்பை எடுத்துக்கொள்ள உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? என் வீட்டில் ஒரு ஸ்பூனைக்கூட யாரும் என்னைக் கேட்காமல் எடுப்பதில்லை.

ஓடை வெட்டுகிற வேலை புரட்டாசி கடைசியில் முடிந்தது. சிவனாண்டிக்கு எழுபது வயசாகிறது. கோலால் தரையில் கீறிக்கொண்டே போனான். பழைய வளைவெல்லாம் அவன் காலுக்குத் தெரிந்திருந்தது. நான் ஓரிடத்திலும் நேராக்கச் சொல்லவில்லை. "ஆச்சிக்கு ஒடம்புக்குச் சொகமில்லையா, ஒண்ணும் சொல்லாம நிக்கிறாக" என்று ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது.

முந்தாநாள் மத்தியானம் ஐப்பசியின் முதல் மழை பிடித்தது. குடையை எடுத்துக்கொண்டு ஓடை வாய்க்குப் போனேன். அங்கே இருபது முப்பது பேர் நின்றார்கள். உத்தரவில் இருந்தது அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரோ ஒருவர், "தம்பிக்காரர் பாக்காம கையெழுத்துப் போட்டதாலல்லா இவ்வளவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் குடையை மடக்கினேன். மடக்காமல் பேசினால் அவர்களுக்குக் கேட்காது.

"அந்த ஓடையை மூடச் சொன்னது நான். ஓடை இல்லையென்று என் தம்பிக்குப் பொய் எழுதியதும் நான். அவன் மறுபடி வெட்டச் சொல்லி எழுதினான், அதையும் நான் கேட்கவில்லை. சர்க்கார் தாளில் இருப்பது தப்பு" என்றேன்.

சிவனாண்டி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "அது தெரியாதா ஆச்சி? மூடுன நாலு ஆளுல ஒருத்தன் எம் மவன்லா. அன்னைக்கே ஊருக்கெல்லாம் தெரியும். ஒங்க வாயால வரட்டும்னுதான் இருந்தோம்."

"எட்டு வருசம்லா இருந்தோம்" என்றாள் அன்னக்கிளி, பின்னாலிருந்து.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அதற்குள் மேட்டிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. சோளத்தட்டையும் பொடியும் நுரையுமாக ஊருணிக்குப் பத்தடி இந்தப் பக்கம் வந்து, அங்கே திரும்பி, ஓடையில் விழுந்து, தெற்கே போனது. அரை மணி நேரம் போனது. ஊருணிக்குள் ஒரு சொட்டும் விழவில்லை.

நேற்று இரண்டு காரியம் செய்தேன். என் வாக்குமூலத்தை மறுபடி எழுதி, உன் ஆபீசுக்கும் கலெக்டருக்கும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். நகல் இத்துடன் இருக்கிறது. உனக்குப் பிடிக்காது. உன்னைக் கேட்டுச் செய்யவில்லை, நீயும் கேட்டுச் செய்யவில்லை. நீட்டிப்பைத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தாள் சரியாக இருக்க வேண்டும். இன்னொன்று, புல் விதைக்கு ராஜதுரையிடம் சொன்னேன். நோட்டில் கையாலேயே கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். கோணலாகத்தான் போட்டிருக்கிறார். நான் ரூல் தடியை எடுக்கவில்லை.

தை பிறந்ததும் நீயும் ஆனந்தவல்லியும் இங்கே வந்துவிடுங்கள். பட்டணத்து வாடகை வீட்டில் இனி உங்களுக்கு என்ன வேலை? அப்பா இருந்தபோது படுத்த அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். பகவதி பிரசவத்துக்கு வருவதானால் அதுவும் இங்கேயே ஆகட்டும். வரும்போது பெட்டியில் இருக்கும் அந்தப் புடவையையும் ஆனந்தவல்லியைக் கொண்டு வரச் சொல், கட்டிக்கொள்கிறேன்.

ஊருணித் தண்ணீரைப் பற்றி உனக்கு நல்ல செய்தி எழுத ஆசைதான். பச்சை இன்னும் போகவில்லை. பழைய தண்ணீரை இறைத்துவிட்டு, அடிச்சேற்றை வாரி, இரண்டாம் மழையை உள்ளே விட வேண்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறான் சிவனாண்டி. அதற்கு அடுத்த வருஷம்தான் என்கிறாள் அன்னக்கிளி. நான் அன்னக்கிளி பேச்சைத்தான் நம்புகிறேன். அவள் இன்று காலையிலும் இரண்டு மைல் நடந்து போய்த்தான் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அன்புடன்,
அக்கா